ஏனோக் அழுத எட்டு மாதங்கள்

பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊரிகம் லைன் வீடுகளில் யாரையாவது அடக்க வேண்டுமென்றால் ஏனோக்கைக் கூப்பிடுவார்கள். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. வந்து நின்றால் போதும். குடித்துவிட்டுக் கத்துகிறவன் கத்தலை நிறுத்துவான், பக்கத்து வீட்டுக் குழந்தை பாலைக் குடித்துவிடும். தினமும் ரயிலில் போய்வந்து, பெங்களூரில் ஒரு பெரிய கிடங்கின் வாசலில் இருபத்திரண்டு வருஷம் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தவர். அங்கேயும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது அந்த முகத்துக்காகத்தான். லாரி டிரைவர்கள் கேட்காமலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்களாம்.

தாயார் இறந்தபோது அவர் அழவில்லை. ஒரே மகள் எலைன் கல்யாணமாகிப் போனபோது அழவில்லை. தங்கை ஃப்ளோராவின் புருஷன் இறந்த அன்று லேட்டாக வந்து, சவப்பெட்டி குழியில் இறங்குவதற்கு முன்பே ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியும் போனார். ஃப்ளோரா அதைப் பன்னிரண்டு வருஷமாக மறக்கவில்லை. மற்றவர்களையும் மறக்க விடவில்லை.

இப்படிப்பட்டவர் ஐம்பத்தெட்டாவது வயதில் எட்டு மாதம் அழுதார். ஊருக்கு அது போல ஒரு விசேஷம் வெகுநாளாக வாய்க்கவில்லை.

நடந்தது இதுதான். போன வருஷம் ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றிருந்தார். இடது கையில் இருந்த சாப்பாட்டுப் பை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. கூட நின்றவர்கள் ரயிலை விட்டுவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்ததில் மூளைக்குப் போகும் ஒரு சின்ன ரத்தக்குழாயில் அடைப்பு என்று தெரிந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தபோது இடது கையில் கொஞ்சம் பலவீனம், பேச்சில் லேசான குழறல், அவ்வளவுதான். பிழைத்தது பெரிது என்றார்கள். கிடங்குக்காரர்களும் மிகுந்த அன்போடு, இனி நீங்கள் நிரந்தரமாக ஓய்வெடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம் ஃப்ளோரா பார்க்க வந்தார். ரிட்டயரான ஸ்கூல் டீச்சர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டாயா அண்ணா என்று கேட்டார். ஏனோக் பதில் சொல்ல வாயைத் திறந்தார். முகம் கோணியது, தோள் குலுங்கியது, நெஞ்சிலிருந்து ஒரு விம்மல் கிளம்பியது. அதன் பிறகு நின்று நிதானமாக ஒரு நிமிஷம் தேம்பித் தேம்பி அழுதார்.

ஃப்ளோரா எழுந்து வந்து அவர் தலையில் கை வைத்தார்.

"பரவால்ல அண்ணா. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

எதை மன்னித்தாள் என்று ஏனோக்குக்குப் புரியவில்லை. அவர் சொல்ல வந்தது, காலையில் இட்லி சாப்பிட்டேன் என்பதுதான்.

அதற்குப் பிறகு அழுகை நேரம் காலம் பார்க்காமல் வந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் நமஸ்காரம் என்றதும் அழுதார். டிவியில் தக்காளி விலை சொன்னபோது அழுதார். யாராவது ஐயோ பாவம் என்று சொன்னால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனால் இரண்டு நிமிஷம். பிறகு குழாயை மூடியது போல் நின்றுவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் பேப்பரை எடு என்பார். எதிரில் இருக்கிறவர் மட்டும் இன்னும் அழுதுகொண்டிருப்பார்.

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லத்தான் செய்தார். ஆனால் அந்த வாக்கியத்தைத் தேம்பிக்கொண்டே சொன்னால் யார் நம்புவார்கள்?

ஊர் கூடி யோசித்தது. கூட ரயிலில் போனவர்கள், ரயிலைப் பிரிந்த ஏக்கம் என்றார்கள். எதிர் வரிசைக்காரர்கள் கண்ணேறு என்றார்கள். பழைய கல் சர்ச்சின் போதகர், மரணத்தின் வாசலைப் பார்த்து வந்தவனுக்கு மனம் இளகும் என்றார். உள்ளூர் டாக்டர் ஒருவர் எல்லாம் மனசுதான் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏனோக் நன்றாகத் தூங்கினார், எழுந்து நன்றாக அழுதார். மொத்தத்தில் அவர் உள்ளுக்குள் பெரிய துக்கம் ஒன்று இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது என்ன துக்கம் என்பதில்தான் கருத்து வேற்றுமை. ஒவ்வொருவரும் தங்களுக்கு அவர்மேல் என்ன புகார் இருந்ததோ அதற்குப் பொருத்தமான துக்கத்தை அவருக்குள் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள். கரடுமுரடான மனிதன் ஒருவன் கண்ணெதிரே கரைவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. டிக்கெட்டும் இல்லை. வந்தவர்களுக்கு டீயும் கிடைத்தது.

டீ போட்டுக் கொடுத்தது ஏனோக்கின் மனைவி ஐடா. ஒரு நாளைக்குப் பதினைந்து டம்ளர் வரை போயிற்று. ஐடா ஒரு தடவைகூட அழவில்லை. எல்லோரிடமும் சிரித்த முகமாகப் பேசினார், ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து சொன்னார், டம்ளரைக் கழுவி வைத்தார். இரும்பு மனுஷி என்று பாராட்டினார்கள். இரண்டு வருஷமாக அவருடைய ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிக்கொண்டு வந்ததை ஃப்ளோராவும் கவனித்தார். கவனித்து, எந்த டயட் என்று விசாரித்தார். சில நாள் டீயில் சர்க்கரை இருக்காது, சில நாள் இரண்டு தடவை போட்டிருக்கும். பாவம், புருஷன் கவலை என்று எல்லோரும் பெருந்தன்மையாகக் குடித்தார்கள்.

அக்டோபரில் எட்மண்ட் வந்தார்.

எட்மண்ட் ஏனோக்கின் தம்பி. நடந்து போனால் பத்து நிமிஷ தூரத்தில் வீடு. இருவரும் பேசிப் பதினொரு வருஷம். குடும்பமே மூன்று தலைமுறையாகப் போய்க்கொண்டிருந்த கல் சர்ச்சை விட்டுவிட்டு, எட்மண்ட் பக்கத்துச் சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸில் தகர ஷெட் போட்டு நடந்த ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தார். சேர்ந்ததோடு நில்லாமல், தன் மனமாற்றத்தைக் கூட்டத்தில் சொல்லும் முதல் சாட்சியிலேயே, என் சொந்த அண்ணன் இன்னும் இருட்டில் இருக்கிறான் என்று மைக்கில் சொல்லிவிட்டார். அந்தச் செய்தி மத்தியான சாப்பாட்டுக்கு முன்பே ஊரிகத்துக்கு வந்து சேர்ந்தது. இருட்டில் இருக்கிறவனோடு உனக்கு என்ன பேச்சு என்று ஏனோக் அன்றைக்கே பேச்சை நிறுத்தினார்.

இப்போது எட்மண்ட் தனியாக வரவில்லை. ஜெபக்கூட்டத்தின் பாஸ்டர் ஜெயகரனையும் கூட்டி வந்தார். பாஸ்டர் நல்ல மனிதர், நல்ல குரல். கண்ணை மூடி, பிதாவே என்றார். ஏனோக் அழ ஆரம்பித்தார். பாஸ்டர் குரலை உயர்த்த உயர்த்த அழுகையும் உயர்ந்தது. ஜெபம் முடிந்தபோது பாஸ்டரின் முகத்தில், வெகுநாள் தூண்டில் போட்டவனுக்கு மீன் கிடைத்த திருப்தி. உடைந்துவிட்டார், தம்பி, முழுக்க உடைந்துவிட்டார் என்று எட்மண்டிடம் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து வரும் உபவாசக் கூட்டத்தில் ஏனோக் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஏனோக் ஏன் ஒப்புக்கொண்டார் என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அழுகை வந்தது. அதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தன்று தகர ஷெட்டில் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி. பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. கல் சர்ச்சுக்காரர்களும் வந்து கடைசி வரிசையில், வராத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஏனோக்கை மேடையேற்றி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது உள்ளே இருந்தது ஒன்றே ஒன்றுதான். எட்மண்டை ஓங்கி ஓர் அறை விட வேண்டும். அந்தக் கோபம் தலைக்கு ஏற ஏற, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எனக்கு ஒரு துக்கமும் இல்ல," என்றார் ஏனோக். விம்மல் நடுவே ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்தது. "மூளையில அடைப்பு. அதனால அழுகை வருது. வேற ஒண்ணும் இல்ல."

கூட்டம் அல்லேலூயா என்றது. பாஸ்டர் மைக்கை வாங்கி, அடைப்பு மூளையில் அல்ல, இருதயத்தில் இருந்தது, அது இன்று நீங்கிற்று என்று விளக்கினார். முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். எட்மண்ட் ஓடி வந்து அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். யாரோ ஒருவர் எல்லாவற்றையும் ஃபோனில் பிடித்து, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அனுப்பிவிட்டார். அன்று வரை ஏனோக்குக்குப் பயந்திருந்த பிள்ளைகள் அந்த வீடியோவை இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள்.

வீடியோ பெங்களூரில் இருந்த எலைனுக்கும் போனது. அவள் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். அதைப் பார்த்து அவள் நெகிழவில்லை. இது அப்பா அழுகிற அழுகை இல்லை, வாய் மட்டும்தான் அழுகிறது, கண் முறைக்கிறது என்று ஃபோனில் அம்மாவிடம் சொன்னாள். அடுத்த நாளே நரம்பு டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கினாள். கிடைத்ததோ பிப்ரவரியில்தான். நடுவில் கிறிஸ்துமஸ் வந்தது. ஏனோக் அழாத ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுகூட இல்லை.

பிப்ரவரியில் ஏனோக்கும் ஐடாவும் காலை ரயிலில் பெங்களூர் போனார்கள். ஐடாவின் வேலை ஃபைலைப் பிடித்துக்கொள்வது. எலைன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து சேர்ந்துகொண்டாள்.

டாக்டர் மமதா நாற்பது வயதுக்காரர், மைசூர் பக்கத்துக் கன்னடம். ஏனோக்குக்கும் ஐடாவுக்கும் கன்னடம் சரளம், ஆகவே பேச்செல்லாம் அதிலேயே நடந்தது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உங்கள் பேர் என்ன சார் என்று கேட்டார். ஏனோக் அழுதார். டாக்டர் தண்ணீர் கொடுக்கவில்லை, தோளைத் தட்டவில்லை, சும்மா காத்திருந்தார். அழுகை நின்றதும் ஒரு கேள்வி கேட்டார். இப்போது அழுதீர்களே, அந்த நேரத்தில் உள்ளே வருத்தமாக இருந்ததா?

ஆறு மாதத்தில் வீட்டுக்கு வந்துபோனவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது.

இல்லை மேடம், கோபமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, வருத்தம் மட்டும் இல்லை என்றார் ஏனோக்.

டாக்டர் தலையாட்டினார். பிறகு ஒரு தாளில் மூளையைப் படமாகப் போட்டுச் சொன்னார். நமக்குள் ஒரு மனநிலை இருப்பது ஒன்று, அது முகத்தில் அழுகையாகவோ சிரிப்பாகவோ வருவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடப்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அழுகையை நடத்துவது மூளையின் அடிப்பக்கம். முகம், தொண்டை, மூச்சு எல்லாவற்றையும் சேர்த்து இழுப்பது அதுதான். ஆனால் இந்த இடத்தில் அழலாமா, எவ்வளவு அழலாம் என்று பார்த்து அதைப் பிடித்து வைத்திருப்பது மூளையின் மேல் பக்கம். மேலிருந்து கீழே வரும் அந்த நரம்புப் பாதையில் உங்களுக்கு அடைப்பு விழுந்திருக்கிறது. பிடித்து வைக்க ஆளில்லை. அதனால் கொஞ்சம் தொட்டாலும் அழுகை தானாக ஓடுகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு வருகிறது, மருந்தும் இருக்கிறது.

எலைனுக்குப் பாதி புரிந்தது. ஏனோக்குக்கு முழுதும் புரிந்துவிட்டது. அவருடைய அப்பா சாம்பியன் ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழியில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் அவர் கையில்தான் இருந்தது. கீழிருந்து பெல் வராமல் அதை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. ஏனோக் மனைவி பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"பெல் அடிக்காமயே கேஜ் மேல வந்துகினு இருக்குது. உள்ள ஆளே இல்ல."

ஐடா புன்னகைத்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் டாக்டர் மமதா முறைப்படி வேலை செய்கிறவர். பக்கவாதம் வந்தவர்களுக்கு நிஜமான மனச்சோர்வு நோயும் வரலாம், அது இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலை எடுத்தார். விடியற்காலம் மூன்று மணிக்கே விழிப்பு வந்து பிறகு தூக்கம் வராமல் இருக்கிறதா? ஏனோக் இல்லை என்றார். சாப்பாட்டில் ருசி போய்விட்டதா? இல்லை. முன்பு பிடித்த விஷயங்கள் எதிலும் பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா? கிரிக்கெட் தவறாமல் பார்க்கிறேன். காலையில் எழுந்து பல் தேய்ப்பதுகூட மலையாகத் தெரிகிறதா? இல்லை. தான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறதா? ஏனோக்குக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது.

டாக்டர் பேனாவை மூடப் போகும்போது ஐடா மெதுவாகக் கேட்டார். நீங்கள் கேட்ட இதெல்லாம் ஒருவருக்கு இருந்தால் அதற்கு என்ன பேர் மேடம்?

யாருக்கு இருந்தால் என்று டாக்டர் கேட்டார்.

சும்மாதான் கேட்டேன் என்றார் ஐடா, அதே புன்னகையோடு.

டாக்டர் அந்தப் புன்னகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏனோக்கையும் எலைனையும் வெளியே உட்காரச் சொன்னார்.

அரை மணி நேரம் ஆயிற்று. வராந்தாவில் ஏனோக் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், எலைன் ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஐடா வெளியே வந்தபோது கையில் இரண்டு மருந்துச் சீட்டு இருந்தது. ஒன்றில் ஏனோக்கின் பெயர். இன்னொன்றில் அவருடைய பெயர்.

எலைன் அம்மாவைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்தினாள். ஐடா கேட்கவில்லை. சாயங்கால ரயிலில் இருவரும் திரும்பினார்கள். டாக்டரிடம் சொன்னதையெல்லாம் ஐடா ரயிலில் புருஷனிடம் சொன்னார். ஏதோ கறிகாய் விலை சொல்வது போலத்தான் சொன்னார். இரண்டு வருஷமாகிறது. காரணம் ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, மூளையில் மனநிலையைச் சமமாக வைத்திருக்கும் ஏற்பாடே சில பேருக்குச் சரிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். மூன்று மணிக்கு விழிப்பு வரும். படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எதைச் சாப்பிட்டாலும் மண்ணாக இருக்கும். சர்ச்சில் பாட்டுப் பாடும்போது வாய் மட்டும் அசையும். சோம்பேறித்தனம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அழுதால் தேவலாம் என்று இருக்கும், ஆனால் அழுகை வராது. அழுவதற்குக்கூட உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

ரயில் பங்கார்பேட்டையைத் தாண்டியது. ஐடா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊரிகம் பிளாட்பாரத்துல ரயில் வர்ற சத்தம் கேட்டா நான் நாலு அடி பின்னால போய் நின்னுப்பேன். எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல. டாக்டர் கிட்ட அதையும் சொல்லிட்டேன்."

ஏனோக் அழ ஆரம்பித்தார். எதிர் சீட்டில் இருந்தவர்கள் வீடியோ பார்த்தவர்கள்தான். பழக்கப்பட்டவர்கள் போல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். ஏனோக் அதைத் தள்ளிவிட்டு மனைவியின் கையைப் பிடித்தார்.

"இது அது இல்ல ஐடா. இது நெசம்."

"தெரியுது," என்றார் ஐடா.

ஏனோக்குக்கு எழுதிக் கொடுத்தது, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான், குறைந்த அளவில். உங்களுக்கு இது மனச்சோர்வுக்காக இல்லை, அந்தப் பாதையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த விளக்கத்தை ஊர் காதில் வாங்கவில்லை. மாத்திரை அட்டையைப் பார்த்துக் கடைக்காரர் சொன்னதுதான் பரவியது. துக்கம் இல்லை என்றானே, துக்கத்துக்குத்தானே மாத்திரை தின்கிறான் என்றார்கள்.

பத்து நாளில் அழுகை பாதியாயிற்று. மார்ச் முடிவதற்குள் அனேகமாக நின்றுவிட்டது. ஊருக்கு இது பெரிய ஏமாற்றம். எட்டு மாதம் உழைத்து அவரை நல்லவராக்கியிருந்தார்கள், ஒரு மாத்திரை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. பாஸ்டர் ஜெயகரன் ஒரு பிரசங்கத்தில், வேதாகமத்தில் பார்வோன் ராஜாவின் இருதயம் மறுபடி கடினப்பட்டதைப் பற்றி, பெயர் சொல்லாமல் பேசினார். ஃப்ளோரா ஒரு நாள் வந்து, என் புருஷன் சாவுக்கு நீ பாதியில் போனாயே, அதற்காகத்தானே அழுதாய் என்று நேராகவே கேட்டார். இல்லை, இட்லி சாப்பிட்டதைச் சொல்ல வந்தேன் என்றார் ஏனோக். ஃப்ளோரா கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எட்மண்டும் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் கையைப் பிசைந்தார்.

"அப்ப அன்னிக்கு ஸ்டேஜ்ல என்னைக் கட்டிப் புடிச்சது இன்னாண்ணா?"

"நீதான் புடிச்ச. நான் நின்னுகினு இருந்தேன்."

எட்மண்ட், இருட்டில் இருக்கிறான் என்று அன்று சொன்னது தப்புத்தான் என்றார். மைக்கில் சொன்னதை இங்கே வந்து மெதுவாகச் சொன்னால் எப்படி என்று ஏனோக் கேட்டார். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அதைத் தொடர்வதற்காக எட்மண்ட் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். பதினொரு வருஷ மௌனத்துக்கு இது மேல்.

ஐடாவைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வந்து பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர் அழவில்லை, விழவில்லை, ஸ்கேனில் காட்ட ஒரு புள்ளி இல்லை. எனக்கும் வியாதிதான் ஃப்ளோரா, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஐடா ஒரு நாள் சொன்னபோது, ஃப்ளோரா சிரித்தேவிட்டார். உனக்கா, நீதான் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறாயே என்றார். காலையில் நடக்கச் சொன்னார், வேதாகமத்தில் சங்கீதப் பகுதியை வாசிக்கச் சொன்னார், அந்த மாத்திரையெல்லாம் பழக்கமாகிவிடும், விட்டுவிடு என்றார். மூன்று வைத்தியமும் இலவசம்.

முதல் மாத்திரை ஐடாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் குமட்டல். டாக்டர் வேறு ஒன்று மாற்றினார், ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும் என்றார், பதினைந்து நாளைக்கொருமுறை வந்து பேசச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஏனோக் கூடப் போனார். பிளாட்பாரத்தில் ஐடாவுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டார். யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வெயிலுக்கு நிற்கிறேன் என்று சொல்லியிருப்பார். வீட்டில் மாத்திரைப் பெட்டியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டு பேருடையதையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

சமையலுக்கும் இறங்கினார். ஒரு கை பலவீனம், ஐம்பத்தெட்டு வருஷ அனுபவமின்மை, இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் செய்த சாம்பாரை விவரிக்காமல் விடுவது நல்லது. விடியற்காலம் ஐடா விழித்துக்கொண்டால் அவரும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஆறுதல் சொல்லத் தெரியாது. கிடங்கு வாசலில் பிடித்த லாரி டிரைவர்களின் கதைகளைச் சொல்வார். ஒன்றும் சுவாரசியமாக இராது. ஐடா அதைக் கேட்டுக்கொண்டே சில நாள் மறுபடி தூங்கிப் போனதாகச் சொல்கிறார். மாத்திரையா, கதையா என்று அவருக்கே நிச்சயமில்லை.

ஏழாவது வாரம் ஒரு மத்தியானம், ஐடா ஒரு வாய் சாம்பாரை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இதை மனுஷன் துன்னுவானா?"

ஏனோக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாக்குக்கு ருசி தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலமே டாக்டருக்கு ஃபோன் செய்தார். நல்ல அடையாளம் என்றார் டாக்டர் மமதா. அடுத்த வாரம் ஐடா ஃப்ளோராவிடமும் கோபித்துக்கொண்டு, நாற்காலியை எடுத்த இடத்தில் வை என்று சொன்னார். அது மாத்திரையின் பக்க விளைவு என்றார் ஃப்ளோரா.

சட்டென்று எல்லாம் சரியாகிவிடவில்லை. மழை நாட்களில் ஒரு வாரம் பழையபடி கூரையைப் பார்த்துக் கிடந்தார். பிறகு எழுந்தார். இப்போது ஆறு மணி வரை தூங்குகிறார். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குத் தானே போய் மீன் வாங்குகிறார், பேரம் பேசுகிறார். இன்னும் ஒரு வருஷமாவது மருந்தை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் கல் சர்ச்சின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். புருஷனுக்கு வந்த சோதனையில் கலங்காமல் நின்ற மனைவி என்ற தலைப்பில் ஐடா பதினைந்து நிமிஷம் பேச வேண்டுமாம். ஐடா அவர்களை உட்காரச் சொல்லி, நான் கலங்காமல் நிற்கவில்லை, எனக்கு மனச்சோர்வு நோய், அந்த நாட்களில் எனக்குக் கலங்கவே முடியவில்லை, வேண்டுமானால் அதைப் பற்றிப் பேசுகிறேன், அரை மணி நேரம் வேண்டும் என்றார்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். வாசல் வரை போனபோது அவர்களில் இளையவர் மட்டும், செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கி, அந்த டாக்டர் நம்பர் கிடைக்குமா அக்கா, எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒருவருக்கு வேண்டும் என்று கேட்டார்.

யாருக்கு என்று ஐடா கேட்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் நம்பரை எழுதிக் கொடுத்தார். கமிட்டி இன்னும் கூடவில்லை.